ஐந்தாவது ஆள்

“கையெழுத்துத்தானே கேக்குறேன் பூரணி, கிட்னியவா கேக்குறேன்? வா!”

ஜீவராணி அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்குள் நுழைந்தாள். பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு நேரே அங்கே வந்திருந்த மூன்று பெண்களும் ‘ஹோ’வென்று கத்திக் கைதட்டினார்கள்.

பின்னே? கொட்டகலை பஜாரில் தோசைக் கடை போட இடம் பேசியாகிவிட்டது. இடத்துக்காரர் இன்றைக்கு மட்டும்தான் பொறுப்பார். நாளைக்கு வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். மகளிர் குழுவில் ஐந்து பேர் இருந்தால்தான் வங்கிக் கடன். ஐந்தாவதாக இருந்த றொசானா திடீரென்று வெளிநாடு போய்விட்டாள். பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பூரணியை விட்டால் வேறு நாதி இல்லை.

“எனக்கு வேணாங்க்கா. வேற யாரையாச்சும் போடுங்க.”

“ஏன்டி, கடன்னா பயமா? நாங்க நாலு பேரு இருக்கோம்ல!”

“பயமெல்லாம் இல்லைங்க...” பூரணி நெளிந்தாள். “ஒங்க மக பொங்கலுக்கு கொழும்புல இருந்து வருதுங்களா?”

“அடிப் பாவி, இப்ப அதுவா முக்கியம்? மாவரைக்கிற மெஷினுக்கே நான் பேரு வச்சிட்டேன்!”

வங்கியிலிருந்து வந்திருந்த இசபெல் மிஸ் தாள்களை விரித்தாள். “ஒரு விஷயம். ஒருத்தருக்கு ஒருத்தர் ஜாமீன் நிக்கிறதால குழுவுக்குள்ள சொந்தக்காரங்க இருக்கக் கூடாது. கல்யாண வழிச் சொந்தமும் கூடாது. அப்படி யாராவது இருக்கீங்களா?”

ஜீவராணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“நல்லா கேட்டீங்க மிஸ்! பூரணி இந்தத் தோட்டத்துக்கு வந்தே ஒரு வருஷந்தான் ஆகுது. மாரியம்மா சத்தியமா எங்களுக்குள்ள ஒரு சொந்தமும் இல்ல!”

பேனாவைப் பூரணியின் விரல்களுக்குள் திணித்தாள். ஜீவராணிக்குக் கல்லில் முதல் தோசை ஊற்றும் சத்தமே காதில் கேட்டுவிட்டது. இத்தனை காலமும் மலையேறிக் கொழுந்து பறித்தவள், இனிச் சொந்தக் கடைக்கு முதலாளி. பாக்கி ஒரே ஒரு கையெழுத்து! சந்தோஷத்தில் அவளுக்குக் கண்ணே கலங்கிப்போனது.

பூரணி பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள்.

“பொய்க் கையெழுத்துப் போட எனக்கு மனசு வரலைங்க. எங்க மகன் கிஷாந்தும் ஒங்க மக தனுஷிகாவும் போன மாசமே கொழும்புல ரெஜிஸ்டர் கல்யாணம் பண்ணிட்டாங்க. பொங்கலுக்கு வந்து அதுங்களே சொல்லட்டும்னு இருந்தேன். மன்னிச்சிடுங்க, சம்பந்தி!”