கிள்ளிய கை

கல்யாண மண்டப வாசலில் அந்தக் காலையில் இருந்தவர்கள்: மேனேஜர், தோட்டக்காரர், காவலாளி. அவர்களோடு, மொட்டுப் பறிபோன நானூறு செண்டுமல்லிச் செடிகள்.

"யோவ், பன்னிரண்டு நாள்ல திறப்பு விழா! உள்ளே எல்லாம் பளபளன்னு ரெடி. வாசல்ல எதைக் காட்டுறது, குச்சியையா?" மேனேஜர் கத்தினார்.

தோட்டக்காரருக்குக் கண் எரிந்தது. பிறந்து ஒன்பது நாளான பேரன் தூங்கவே விடவில்லை. பின்பக்க அறையில் மகள் படுத்திருந்தாள். வேலை போனால் அந்த அறையும் போகும்.

"மாடு புகுந்திருக்குமோ, அண்ணே?" என்றான் காவலாளி. "நேத்து ஞாயித்துக்கிழமை, நானும் லீவு."

"நானும் மகளோட ஆஸ்பத்திரியில இருந்தேன். மாடு என்ன, இலையை எண்ணிப் பாத்தா கடிக்கும்?" தோட்டக்காரர் குனிந்து ஒரு தண்டைத் தொட்டார். எல்லாச் செடியிலும் ஒரே உயரத்தில், கணுவுக்குச் சற்று மேலே, சுத்தமாகக் கிள்ளியிருந்தது. "முறை தெரிஞ்ச கை."

"தெரிஞ்சவன் நீதானே? நுனியைக் கிள்ளினா பக்கக் கிளை விட்டு நிறையப் பூக்கும், ஆனா மூணு வாரம் தள்ளும்னு போன வாரம் என்கிட்டயே அளந்தியே! உன்னை விட்டா வேற யாருக்கு இங்க தெரியும்?"

"கிள்ளுறதா இருந்தா ஒன்றரை அடி விட்டு நட்டிருப்பேன் சார். ஒரு அடிதான் விட்டிருக்கேன், பாருங்க. இனிக் கிளைச்சா ஒண்ணை ஒண்ணு நெரிச்சுக்கிட்டு நிக்கும். நான் வளர்த்த செடிக்கு நானே இதைப் பண்ணுவேனா?"

"இந்தக் கதையெல்லாம் முதலாளிகிட்ட எடுபடாது." மேனேஜர் சட்டைப் பையிலிருந்து தட்டச்சு செய்த தாள் ஒன்றை எடுத்துப் படித்தார். "'என் தவறால் பூக்கள் தாமதம். விழாவை மூன்று வாரம் தள்ளிவைக்க நானே காரணம்.' கையெழுத்துப் போடு. போட்டா, பூக்கிற வரைக்கும் அறையில இருந்துக்கோ. இல்லேன்னா இன்னிக்கே மூட்டையைக் கட்டு."

தோட்டக்காரருக்கு வாதாடவும் தெம்பில்லை. மேனேஜர் நீட்டிய பேனாவை வாங்கினார்.

நீட்டிய கையின் கட்டைவிரல் நகத்தடியில் பச்சைக் கறை ஏறியிருந்தது. செண்டுமல்லித் தழையின் வாடை.

தோட்டக்காரர் நிமிர்ந்து பார்த்தார். மேனேஜர் பார்வையை விலக்கிக்கொண்டார். பின்னறையில் பிள்ளை வீறிட்டது.

கையெழுத்துப் போட்டார்.

மேனேஜர் தாளை மடித்துக்கொண்டு, இரண்டு மாதமாக யாரையும் விடாமல் பூட்டியே வைத்திருந்த மண்டபக் கதவைத் திறந்தார். மேடை இருக்க வேண்டிய இடத்தில் மணல் குவிந்து கிடந்தது. பாதித் தரைக்கு இன்னும் கல்லே பதிக்கவில்லை.

அவர் உள்ளே போனதும் கதவு சாத்தப்பட்டது, தாழ்ப்பாள் விழுந்தது.