பூட்டு உடைத்த சாயங்காலம்

டமார்! நான்காவது சுத்தியல் அடியில் பூட்டு தெறித்து விழுகிறது. கோர்ட் உத்தரவை நிறைவேற்ற வந்த அமீனா கடிகாரத்தைப் பார்க்கிறார். பொழுது சாய்வதற்குள் வீட்டை ஒப்படைக்காவிட்டால், புது உத்தரவு வாங்கி மறுபடி வரவேண்டும். வழக்கில் தோற்ற அண்ணன் நேற்றே வீட்டைப் பூட்டிக்கொண்டு கம்பி நீட்டிவிட்டான். ஒன்பது வருடம் கோர்ட் படியேறி ஜெயித்த தையல்காரத் தங்கை உள்ளே ஓடி ஒவ்வொரு ஜன்னலாகத் திறக்கிறாள். மஞ்சள் வெயில் தூசியோடு கூடம் முழுக்கப் பரவுகிறது. “அம்மா, ‘வீட்டைப் பெற்றுக்கொண்டேன்’னு கையெழுத்துப் போடுங்க. வெளிச்சம் போகுது!” என்று அமீனா காகிதத்தை நீட்டுகிறார். கையெழுத்துப் போட்டவள், சிரிப்பை அடக்க முடியாமல் வாசலைக் காட்டுகிறாள். “சார், வெளியே நின்னு ஒரே ஒரு தடவை கதவைத் தட்டுங்களேன். இத்தனை வருஷமா நான் தட்டினேன், யாரும் திறக்கலை. இப்ப நான் திறக்கிறேன்!”