இரண்டாவது பற்றரி

"செருப்பு வாங்கக் காலையும் கொண்டு வரவேணும் அக்கா. உங்கட மனிசன்தான் வந்து மெசினைக் கையில பிடிச்சுப் பாக்கோணும்," என்றார் இராசதுரை.

"அவருக்கு வர ஏலா தம்பி," என்றாள் உம்மு குல்சும்.

மூதூரிலிருந்து வந்த லோஞ்ச் படகு ஆட்களை இறக்கிவிட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தச்சு ஆயுதங்கள் விற்கும் இராசதுரையின் கடை இறங்குதுறைக்குப் பக்கத்தில்தான். மரத்தில் துளை போடும் வயர் இல்லாத ட்ரில் அப்போது திருகோணமலைக்கே புதுசு. கப்பற்காரர் ஒருவரிடம் வாங்கிய ஒன்றை அவர் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்திருந்தார். விற்பதற்கு அல்ல, பெருமைக்கு.

உம்மு குல்சும் வாங்க வரவில்லை, விசாரிக்கத்தான் வந்திருந்தாள். ஜித்தாவில் வேலை செய்யும் மகன் லாபிர், தகப்பனுக்கு அப்படி ஒன்று வாங்கி வரப்போகிறான். தகப்பன் அபூதாஹிர், வீட்டுப் பின்பக்கம் ஓலை வேய்ந்த மாலில் பட்டறை போட்டுக் கதவும் ஜன்னலும் செய்கிற தச்சர். எதை வாங்குவது என்று மகன் கேட்டு எழுதியிருந்தான். புருசன் பெண்சாதி இரண்டு பேருக்குமே எழுத்துத் தெரியாது.

இராசதுரை கடிதத்தை வாங்கி வாசித்தார்.

'வாப்பா, இங்கே இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில் பற்றரி உள்ளேயே பூட்டியிருக்கிறது, பாரமில்லை. மற்றதில் பற்றரியைக் கழற்றலாம், கொஞ்சம் பாரம். எது நல்லது என்று நீங்கள்தான் சொல்லவேண்டும். வழமைபோல் அடியில் பெருவிரலை வைத்து அனுப்புங்கள். அந்தக் கைநாட்டைக் கண்டால்தான் எனக்கு மனம் ஆறும்.'

மகன் தகப்பனைக் கேட்கிறான், தாய் கடைக்காரனைக் கேட்கிறாள். நல்ல குடும்பம் என்று இராசதுரை மனதுக்குள் சிரித்துக்கொண்டார். நாலு மாதத்துக்கு மேலாக வாசற்படி தாண்டாமல் இருந்தவளாம், இன்றைக்குத்தான் வெளிக்கிட்டாளாம். காய்ச்சலோ என்று கேட்டார். தனக்கில்லை என்றாள்.

"வீட்டில கறண்ட் இருக்கோ?"

இல்லை, பக்கத்து அரிசி ஆலையில்தான் இருக்கிறது என்றாள்.

"அப்ப உள்ளுக்குப் பூட்டினது சரிவராது. பற்றரி இறங்கினால் மெசினையே ஆலையில குடுத்திட்டு, மனிசன் கையைக் கட்டிக்கொண்டு இருக்கோணும். கழட்டுறதை வாங்கச் சொல்லுங்கோ. அதோட இன்னொரு பற்றரியும் சேர்த்து. ஒண்டு ஆலையில சார்ஜ் ஏற, மற்றது வேலை செய்யும்."

முதிரைப் பலகைக்குத் தாக்குப் பிடிக்குமா என்று கேட்டாள். கடும் மரத்துக்கு மெதுவாகச் சுழல்வதுதான் நல்லது, அதையும் எழுதச் சொன்னார். பிறகு என்ன நினைத்தாரோ, அலுமாரியைத் திறந்து தன் ட்ரில்லை எடுத்து அவள் முன்னால் வைத்தார். பிடி கைக்கு அளவாக இருக்கவேண்டும், அவருடைய கை பெரிதோ என்று விசாரித்தார்.

உம்மு குல்சும் பிடியைச் சுற்றித் தன் விரல்களை வைத்தாள். தன்னுடையதைவிட இவ்வளவு நீளம் என்று விரல் நுனிக்கு அப்பால் தொட்டுக் காட்டினாள். காட்டிய கையை எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கண்ணால் காணாத அந்த மனிதர்மேல் இராசதுரைக்கு எரிச்சல் வந்தது.

"அவர் அங்க காலை நீட்டிப் படுத்திருக்க, நீங்கள் இஞ்ச அலையிறியள்," என்றார், பகிடியாக.

அவள் சிரிக்கவில்லை. அந்த முகம் வாடியதைப் பார்த்ததும், தேவையில்லாத கதை கதைத்துவிட்டோமே என்று அவருக்கு மனம் சுட்டது.

அவள் பையிலிருந்து, வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதும் ஏரோகிராம் தாள் ஒன்றை எடுத்தாள். தனக்கு எல்லாம் மாறிப்போகும், சொன்னதை நீங்களே எழுதித் தாருங்கள் என்றாள். வாப்பா கதைக்கிற மாதிரியே இருக்கவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டாள். தச்சர்களோடு இருபது வருசம் பழகியவருக்கு அந்தப் பேச்சுத் தண்ணீர்பட்ட பாடு. கழற்றுகிற பற்றரி, மேலதிகமாக ஒன்று, முதிரை, ஆலைக் கறண்ட் என்று எல்லாவற்றையும் அபூதாஹிரே சொல்கிற மாதிரி எழுதினார்.

"கடைசியில, வாப்பாவுக்கு ஒரு குறையும் இல்ல, ஒப்பந்தம் முடியாம வெளிக்கிட வேணாம் எண்டு எழுதுங்க தம்பி."

ஒப்பந்தம் முடிய இன்னும் மூன்று மாதம்தான் என்றாள். பாதியில் விட்டு வந்தால் திரும்ப எடுக்கமாட்டார்கள், அவன் தங்கச்சியின் கலியாணமோ அந்த வேலையை நம்பித்தான் நிற்கிறது. ஆனால் லாபிர் பொறுமைக்காரன் இல்லை. வாப்பாவுக்குக் காய்ச்சல் என்று ஒருமுறை எழுதியதற்கே பெட்டியைக் கட்டினவனாம். சுகம் என்று அடுத்த கடிதம் போன பிறகுதான் பெட்டியை அவிழ்த்தானாம். சொல்லிக்கொண்டே மேசையில் கிடந்த மகனின் கடிதத்தைத் தடவி மடித்தாள். பிள்ளைப் பாசம் என்று இராசதுரை எண்ணிக்கொண்டார்.

எழுதி முடித்து, அடியில் விரல் வைக்க இடம் விட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய் அவரைக்கொண்டு வைப்பியுங்கள் என்று ஏரோகிராமை நீட்டினார்.

உம்மு குல்சும் மேசையில் கிடந்த மைப்பெட்டியைக் கிட்ட இழுத்தாள். தன் பெருவிரலை அதில் ஒற்றி, விட்ட இடத்தில் அழுத்தி வைத்தாள்.

"என்னக்கா செய்துபோட்டியள்? மகன் அவர்ட கைநாட்டையெல்லோ கேட்டவன்."

அவள் விரலில் இருந்த மையை முக்காட்டு நுனியில் மெல்லத் துடைத்தாள்.

"போன ரெண்டு காயிதத்திலயும் இந்த விரல்தான் தம்பி. அவர் மௌத்தாகி, அடக்கம் செஞ்சு அஞ்சு மாசம்."