சனிக்கிழமைக்கு அவன் வேண்டும்

பிஜி வழக்கப்படி காணிக்கையாகத் திமிங்கிலப் பல்லை இரண்டு கைகளிலும் ஏந்தியபடி, பாயில் தவழாத குறையாக நகர்ந்துபோய் ஊர்த்தலைவர் ராத்து எபேலியின் முன் வைத்தார் சாகியூசா. பெண் கேட்க வந்தவனுக்குக்கூட இத்தனை வியர்த்திருக்காது.

"உங்க ஊர்ப் பிள்ளையை எங்களுக்குக் கொடுக்கணும், ஐயா."

கேட்டது பெண்ணை அல்ல, வாட்டிசோனியை. பிஜி ரக்பி அணிக்காக முப்பத்தொரு சர்வதேச ஆட்டம் ஆடியவன். பிரான்சில் அவன் பெயர் போட்ட பனியனுக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

வியாழக்கிழமை உலகக் கோப்பைக்கு விமானம். லீவில் ஊருக்கு வந்தவன் போனையே எடுக்கவில்லை. "அவன் இல்லாம வந்தா நீயும் வராதே" என்று பயிற்சியாளர் சொல்லி அனுப்பியிருந்தார். மேனேஜர் வேலை போனால் சாகியூசாவுக்கு மரவள்ளித் தோட்டம்தான் கதி.

வரும் வழியிலேயே அவனைப் பார்த்துவிட்டார். ஆற்றிலிருந்து இரண்டு தண்ணீர்க் கேன்களைத் தோளில் சுமந்துகொண்டு ஊர் மைதானத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். எவ்வளவு பெரிய ஆட்டக்காரன், என்ன அடக்கம் என்று சாகியூசாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"தலைவர் போகச் சொன்னா வரேண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினான்.

ராத்து எபேலி பல்லைத் தொடவில்லை; தொட்டால் சம்மதம் என்று அர்த்தம். கொட்டாங்குச்சியில் வந்த யங்கோனா கசாயத்தை ஒரே மடக்கில் குடித்தார். சுற்றியிருந்த பெரியவர்கள் மூன்று முறை கை தட்டினார்கள்.

"சனிக்கிழமை அக்கரை ஊரோட மேட்ச். அவனை விட முடியாது."

"ஐயா, இது உலகக் கோப்பை."

"அது நாலு வருஷத்துக்கு ஒருக்கா வருது. அக்கரைக்காரன் தினம் ஆத்துக்குக் குளிக்க வரான். தோத்துட்டு அவன் மூஞ்சில முழிக்கறது யாரு?"

"போன வருஷம் இவன் பிரான்சுல இருந்தான்," என்றார் ஒரு பெரியவர், துக்க வீட்டுக் குரலில். "முதல் பாதி நாமதான் முன்னால. ரெண்டாம் பாதியில பசங்களுக்கு நாக்குத் தள்ளிடுச்சு. தோத்தோம்."

சாகியூசாவுக்கு அவர்கள் பக்கத்து நியாயம் புரிந்தது. அப்படிப்பட்ட ஆட்டக்காரன் இல்லாமல் எந்த ஊர்தான் ஜெயிக்கும்? கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"அவனுக்குப் பதிலா தேசிய அணியிலேர்ந்து ரெண்டு பேரை அனுப்பறேன், ஐயா. சனிக்கிழமை உங்களுக்கு ஆடிக் கொடுத்துட்டு அப்புறமா விமானம் ஏறட்டும்."

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் கொட்டாங்குச்சிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

ராத்து எபேலி திமிங்கிலப் பல்லை மெல்ல சாகியூசா பக்கமே தள்ளினார்.

"ஆடறதுக்கு எங்ககிட்ட பதினஞ்சு பேர் இருக்காங்கப்பா. தண்ணி தூக்கத்தான் அவன் ஒருத்தன்."