நோட்டில் எழுதிய நடை

"ஐயாயிரத்து நானூறு அடி நடந்தீங்களா?"

"நோட்டுல எழுதியிருக்கேனே."

"எழுதியிருக்கீங்க. சட்டையில ஒரு பொட்டு வியர்வை இல்லையே!"

அச்சகத்தில் மெஷின் ஓட்டும் கணவன் முகக்கவசத்தைக் கழற்றினான். மாற்றுச் சிறுநீரகம் வைத்து எட்டு மாதம். பளு தூக்கக் கூடாது, வயிற்றில் அடிபடும் விளையாட்டு கூடாது, ஆனால் தினமும் நடக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. உட்கார்ந்தே இருந்தால் எடை ஏறும், சர்க்கரை வரும், வைத்த சிறுநீரகத்துக்கும் ஆபத்து.

மனைவி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கர். ஆயிரம் சட்டையில் ஒரு தையல் பிசகினாலும் பிடித்துவிடுவாள். இதை விடுவாளா?

"என் தம்பி வயித்தைக் கிழிச்சுக் கொடுத்ததுங்க அது. ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு" என்றான். அவ்வளவுதான்.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் நேரே பூங்காவுக்குப் போய்ப் புதர் ஓரமாக நின்றாள்.

கணவன் வந்தான். பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தான். அடிகளை எண்ணும் வாட்சைக் கழற்றி, முதுகு காட்டி நின்ற ஒரு தடியனிடம் நீட்டினான். தடியன் அதைக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடக்கத் தொடங்கினான்.

அடப்பாவி! நடப்பதற்குக்கூட ஆள் வைத்திருக்கிறான்!

வளைவில் ஓடிப்போய் மறித்தாள். தடியன், அவளுடைய தம்பி.

"நீயும் கூட்டாடா?"

"அக்கா, மாமாவைத் திட்டாதே. நடந்தா தையல் போட்ட இடம் இழுக்குதாம். கணக்குக் காட்டலைன்னா நீ தோலை உரிச்சிடுவியாம். பாவமா இருந்தது. ரெண்டு மாசமா நான்தான் நடக்கிறேன். அஞ்சு ரவுண்டு பாக்கி, வழியை விடு."

அவள் பெஞ்சுக்குப் பாய்ந்தாள்.

"கிட்னியும் அவன் கொடுக்கணும், நடையும் அவனே நடக்கணுமா? வெக்கமா இல்ல?"

"மெதுவாப் பேசு. அவன் காதுல விழுந்தா காரியம் கெட்டுடும்."

"என்ன பெரிய காரியம்?"

"என் நடை மதியமே முடிஞ்சிடும். அச்சகத்துல, காகிதக் கிடங்கைச் சுத்தி. டாக்டர்கிட்ட சொல்றது அந்தக் கணக்குதான். வீட்டு நோட்டுல இருக்கிறது உன் தம்பி கணக்கு."

"அவன் கணக்கு எதுக்கு?"

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில நீ மருந்துக்கு வரிசையில நின்னப்ப, நம்மகூட வந்த உன் தம்பியையும் நர்ஸ் உட்கார வெச்சு ரத்த அழுத்தம் பார்த்தாங்க. என்னைவிட அவனுக்குத்தான் அதிகம். கிட்னி கொடுத்ததுக்கப்புறம் ஒரு செக்கப்புக்கும் அவன் போகல. டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போய் மாத்திரை போட வெச்சேன். 'நடடா'ன்னா, 'நான் என்ன பேஷன்டா மாமா?'ன்னு சிரிக்கிறான். தனக்காக நடக்க மாட்டான். எனக்காகன்னா நடக்கிறான்."

அவள் திரும்பி, வளைவில் நடந்துகொண்டிருந்த தம்பியைப் பார்த்தாள்.

"அவனுக்கும் இப்ப ஒண்ணுதான் இருக்கு" என்றான் கணவன். "எட்டு மாசமா தினமும் போன்ல அவன்கிட்ட என்னைப் பத்திப் பேசுற. ஒரு நாளாவது, 'நீ எப்படிடா இருக்கே'ன்னு கேட்டியா?"