அடியில் இருந்தவள்

ரோஸ்லின் முதல்முறையாகத் தையல் மிஷினில் பஞ்சுப் போர்வை தைக்க உட்கார்ந்தாள். மேலே பளபளவென்று புது சாட்டின், நடுவில் பஞ்சு, அடியில் ஒரு பழைய, மெல்லிய பருத்தி வாயில் சேலை. பெடலை மிதித்ததும் மிஷின் தறிகெட்டு ஓடியது.

"ஐயோ, நில்லுங்க! எனக்கு மடிப்பு விழுது!" என்று அடியிலிருந்து சேலை கத்தியது.

"சும்மா கிட. அவ கண்ணு என் மேலதான் இருக்கு. கோடு எவ்வளவு நேரா வருது பாரு!" என்றது சாட்டின்.

"இங்கேருந்து எதைப் பார்க்கிறது?"

நடுவில் இருந்த பஞ்சுக்கு இரண்டு பேச்சும் கேட்டது. "அக்கா, அது சொல்றது நிஜம். கீழே கொத்துக் கொத்தாச் சுருங்குது."

"வெளியே தெரியவா போகுது? நீயும் சேர்ந்து புலம்பாதே."

அதற்குள் ஊசி அடுத்த வரிக்குப் பாய்ந்துவிட்டது.

தைத்து முடித்த ரோஸ்லின் ஆசையாகப் போர்வையைத் திருப்பினாள். அடிப்பக்கம் முழுக்கச் சுருக்கம். முணுமுணுத்துக்கொண்டே எல்லாத் தையலையும் பிரித்து, துணிகளைத் தனித்தனியாக நீவினாள். சேலையில் ஊசி போன ஓட்டைகள் மூடிக்கொண்டன. சாட்டினில் ஒன்றுகூட மூடவில்லை.

"இது இனி அடியிலேயே கிடக்கட்டும்" என்று சாட்டினைக் கீழே விரித்தாள். அதன்மேல் பஞ்சு, பஞ்சின்மேல் சேலை. மறுபடி பெடலை மிதித்தாள்.

"ஐயோ, நில்லுங்க! எனக்கு மடிப்பு விழுது!" என்று சாட்டின் அலறியது.

பஞ்சு அவசரமாகச் சேலையைக் கூப்பிட்டது.

"சும்மா கிட," என்றது சேலை. "கோடு எவ்வளவு நேரா வருது பாரு!"