ரெண்டு டிக்கெட்

லக்சம்பேர்க்கில் ஹோட்டல் கிச்சன் வேலைக்குப் போயிருந்த பிரியந்தன், ஆறு வருஷம் கழித்து, ஞாயிறு காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து நின்றார். கையில் பை இல்லை. "சாமான் பின்னால வருது," என்றார். லீவில் வந்தால் சீகிரியா பாறைக்குக் கூட்டிப்போவதாக மனைவி கொறற்றிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அன்றைக்கே மாத்தளையில், சீகிரியா போகும் வழியிலுள்ள தம்புள்ளைக்கு பஸ் ஏறினார்கள். ஜன்னலோரம் அவர்.

"அங்க கிச்சன்ல பிரெஞ்சு, கடையில ஜெர்மன், ரூம்ல போர்த்துக்கீஸ். பஸ்ல மட்டும் வாயே திறக்க வேணாம். ஏறி உக்காந்தா போதும், டிக்கெட்டே கிடையாது."

கண்டக்டர் வந்தார். கொறற்றிக்கு ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

"பாத்தியா, இங்கயும் அப்படித்தான்," என்று பிரியந்தன் சிரித்தார்.

கொறற்றி கண்டக்டர் பக்கம் திரும்பினாள். "இவருக்கும் ஒன்னு குடுங்க," என்று சிங்களத்தில் கூப்பிட்டுச் சொன்னாள்.

கண்டக்டர் ஜன்னலோர சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இன்னொன்று கிழித்து நீட்டினார். பிரியந்தன் சிரித்தபடியே கைநீட்டி வாங்கினார். டிக்கெட் அவர் விரல்களில் நிற்காமல் ஊடே நழுவி சீட்டில் விழுந்து காற்றில் படபடத்தது. பறந்துவிடாமல் கொறற்றி அதை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள். தம்புள்ளை வரும்வரை கையை எடுக்கவேயில்லை.